கெட்டிமேளத்துக்கு முன்னும் பின்னும்: கேமரா திரையை எப்போது பார்ப்பது?

காலை முகூர்த்தம். புரோகிதர் கையைத் தூக்கிச் சைகை காட்டுகிறார். அதற்காகவே காத்திருந்த தவில்காரர் கெட்டிமேளத்தைத் தொடங்குகிறார். மாப்பிள்ளை குனிந்து முதல் முடிச்சைப் போடுகிறார். மேடையின் ஓரத்தில் நிற்கும் போட்டோகிராபர் அதை எடுத்துவிட்டார். எடுத்த கையோடு கேமராவைத் தாழ்த்தித் திரையைப் பார்க்கிறார். படம் நன்றாகவே வந்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்க்கிறார், ஃபோகஸும் சரி. அவர் நிமிர்வதற்குள் நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போட்டு முடித்துவிட்டார். அட்சதை பறந்து விழுந்துவிட்டது. பெண் தலை நிமிர்ந்து கூட்டத்தில் அப்பாவைத் தேடிய அந்தப் பார்வையும் வந்து போய்விட்டது.

ஆல்பம் கைக்கு வரும் நாளில் பெண்ணின் அத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டுக் கேட்பார்: "அண்ணன் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரே, அந்தப் படம் வரலையா தம்பி?" அதற்குச் சொல்ல எந்தப் பதிலும் இருக்காது.

திரையே பார்க்காதவர் கதையும் சுகமில்லை. முந்தின இரவு வரவேற்பில் மங்கலான வெளிச்சத்துக்காக ஏற்றி வைத்த ஐஎஸ்ஓவும் எக்ஸ்போஷர் திருத்தமும் காலையில் அப்படியே இருந்துவிடும். மாலை மாற்றுவதில் தொடங்கி இருநூறு படங்கள் போனபிறகு திறந்து பார்த்தால், மாப்பிள்ளையின் வேட்டி எல்லாவற்றிலும் மடிப்பே தெரியாத வெள்ளைத் தாளாக இருக்கும். தொழிலில் "பர்ன் ஆயிடுச்சு" என்று சொல்வது இதைத்தான்.

ஆக, திரையைப் பார்க்கத்தான் வேண்டும். எப்போது, எதற்காக என்பதில்தான் விஷயம். பிளே பட்டனுக்கு விரல் போகும் ஒவ்வொரு முறையும் மனதில் ஒரு கேள்வி இருக்க வேண்டும்: வெளிச்சம் சரியா? ஃபோகஸ் எங்கே விழுந்தது? பிளாஷ் எரிந்ததா? பதில் கிடைத்ததும் கண் மேடைக்குத் திரும்பிவிட வேண்டும். "நல்லா வந்திருக்கா?" என்பது அந்த நேரத்துக் கேள்வி கிடையாது. அதை வீட்டுக்குப் போய்ப் பெரிய திரையில் கேட்டுக்கொள்ளலாம்.

கொஞ்சம் பழைய கதை

பிலிம் காலத்தில் ரோல் கழுவி வரும்வரை எதுவும் தெரியாது. ஸ்டுடியோக்காரர்கள் மட்டும் பெரிய கேமராவின் பின்பக்கத்தில் போலராய்டு பிலிமை மாட்டி ஒரு சோதனைப் படம் எடுப்பார்கள். விளக்குகளை அதை வைத்துச் சரிசெய்துவிட்டு, பிறகு உண்மையான பிலிமை மாட்டுவார்கள். ஒவ்வொரு படத்தையும் போலராய்டில் பார்த்தால் கட்டுப்படியாகாது என்பதால் சோதனை அதோடு முடிந்துவிடும். திரையை ஒழுங்காகப் பயன்படுத்த விரும்புகிறவர் அந்தப் போலராய்டுக்காரரைத்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1991-இல் கோடாக் விற்பனைக்குக் கொண்டுவந்த டிசிஎஸ் என்ற டிஜிட்டல் அமைப்பு, நிக்கான் எஃப்3 கேமராவில் 13 லட்சம் பிக்சல் சென்சாரைப் பொருத்தியது. எடுத்த படத்தைக் காட்டும் கறுப்பு வெள்ளைத் திரை, தோளில் தொங்கவிடும் தனிப் பெட்டியில் இருந்தது. 1995-இல் கேசியோவின் க்யூவி-10, 1.8 அங்குல வண்ணத் திரையைக் கேமராவின் முதுகிலேயே வைத்துக் கொடுத்தது. 1999-இல் நிக்கான் டி1 வந்தபின் பத்திரிகைப் போட்டோகிராபர்கள் வேகமாக டிஜிட்டலுக்கு மாறினார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்கப் பத்திரிகைப் போட்டோகிராபர்களிடையே ஒரு சொல் புழங்க ஆரம்பித்தது: 'சிம்பிங்'. ஒவ்வொரு கிளிக்குக்கும் தலையைக் குனிந்து, தன் படத்தைத் தானே பார்த்து "ஊ... ஊ..." என்று வியந்துகொள்கிறவரைச் சிம்பன்ஸியோடு ஒப்பிட்டு சக தொழிலாளர்கள் வைத்த பெயர் அது.

கேமரா நிறுவனங்களே இதற்கு மருந்து தேடியிருக்கின்றன. 2016-இல் வந்த லைக்கா எம்-டி முழு டிஜிட்டல் கேமராதான். ஆனால் திரை இருக்க வேண்டிய இடத்தில் ஐஎஸ்ஓ சக்கரம் மட்டும் இருக்கும். 2019-இன் ஃப்யூஜிஃபில்ம் எக்ஸ்-ப்ரோ3 தன் பெரிய திரையை உட்பக்கம் திருப்பி மறைத்துக்கொண்டது. பார்க்க வேண்டுமானால் கீழே இழுத்துத் திறக்க வேண்டும். இதற்காக இன்னொரு கேமரா வாங்கத் தேவையில்லை. கையில் இருக்கும் கேமராவின் மெனுவிலேயே வேலை முடிந்துவிடும்.

வீட்டிலேயே செய்து வைக்க வேண்டியவை

கீழே உள்ளவற்றுக்கு மொத்தமாகக் கால் மணி நேரம் போதும். மண்டபத்தில் நின்றுகொண்டு மெனுவைத் தேடக் கூடாது.

1. இமேஜ் ரிவியூவை அணைக்கவும். படம் எடுத்தவுடன் தானாகத் திரையில் தோன்றும் வசதி இது. கேனானில் 2, 4, 8 வினாடி, ஹோல்டு என்றும் சோனியில் 2, 5, 10 வினாடி என்றும் இருக்கும். இரண்டிலும் 'ஆஃப்' உண்டு. மிரர்லெஸ் கேமராவில் இதை அணைப்பது இன்னும் அவசியம். அதில் எடுத்த படம் வ்யூஃபைண்டருக்குள்ளேயே வந்து நின்று, அடுத்து நடப்பதை மறைத்துவிடும்.

2. ஹைலைட் எச்சரிக்கையை ஆன் செய்யவும். வெளிச்சம் அளவுக்கு மீறிய இடங்கள், படத்தைத் திருப்பிப் பார்க்கும்போது கறுப்பாக மினுக்கும்.

3. படத்தோடு சேர்த்து சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ஹிஸ்டோகிராமும் தெரியும் பக்கத்தைத் தேர்ந்து வைக்கவும். ஒற்றை ஹிஸ்டோகிராம் பட்டுப்புடவை விஷயத்தில் கைவிட்டுவிடும். காரணம் அடுத்த பகுதியில்.

4. ஒரே அழுத்தில் 100 சதவீதம் பெரிதாகும்படி ஒரு பட்டனை அமைக்கவும். ஃபோகஸ் புள்ளி இருந்த இடத்திலிருந்தே பெரிதாக்கும் வசதி பல கேமராக்களில் உண்டு. அதைத் தேர்ந்துவிட்டால் முகத்தைத் தேடி அலைய வேண்டாம்.

5. திரையின் பிரகாசத்தை நடு அளவில் நிறுத்தவும். 'ஆட்டோ' வேண்டாம்.

6. கார்டு இல்லாவிட்டால் ஷட்டர் இயங்காதபடி பூட்டவும். சில கேமராக்கள் கடையில் காட்டுவதற்காக, கார்டு இல்லாமலே கிளிக் ஆகும். திரையில் படமும் தெரியும். ஆனால் எங்கும் பதிவாகியிருக்காது.

7. இரண்டு கேமரா கொண்டுபோவதானால் இரண்டின் கடிகாரத்தையும் ஒன்றாக்கவும். இல்லாவிட்டால் வரிசைப்படுத்தும்போது தாலி கட்டிய பிறகு மாலை மாற்றுவார்கள்.

குறிப்பு: திரையில் படம் இருக்கும்போது ஏதாவது நடக்க ஆரம்பித்தால் பிளே பட்டனைத் தேட வேண்டாம். ஷட்டர் பட்டனை அரை அழுத்து அழுத்தினாலே கேமரா படமெடுக்கத் தயாராகிவிடும். விரல் இதற்குப் பழகிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

திரை எங்கே ஏமாற்றும்

முதல் ஏமாற்று, பிரகாசம். இரவில் இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அதே திரை பளீரென்று தெரியும். வெளிச்சம் குறைவான படம்கூட நன்றாக வந்ததுபோல் தோன்றும். உச்சி வெயிலில் நேர்மாறாக, சரியான படம்கூட இருண்டு தெரியும். அதைப் பார்த்து எக்ஸ்போஷரை ஏற்றினால் வானம் போய்விடும். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டிருப்பவர் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பும்போது திரையே கறுத்துப்போவதும் உண்டு. வெளிச்சத்தைத் தீர்மானிக்கக் கண் போதாது. ஹிஸ்டோகிராமையும் மினுக்கலையும்தான் நம்ப வேண்டும்.

இரண்டாவது, கூர்மை. 10.4 லட்சம் புள்ளி என்று விளம்பரம் செய்யப்படும் திரையில் ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று வண்ணப் புள்ளிகள். அப்படிப் பார்த்தால் 720 பெருக்கல் 480, ஏறக்குறைய 3.46 லட்சம் பிக்சல்தான். 24 மெகாபிக்சல் படத்தில் 2.4 கோடி பிக்சல். சுமார் 70 பிக்சலை ஒன்றாகச் சுருக்கித்தான் திரை காட்டுகிறது. ஷேக் ஆன படமும் ஃபோகஸ் காதில் விழுந்த படமும் அந்தச் சுருக்கத்தில் கத்தி போலத் தெரியும். ஃபோகஸ் பார்ப்பதென்றால் 100 சதவீதம் பெரிதாக்கி, கண்ணிமையைப் பார்க்க வேண்டும். பெரிதாக்காமல் பார்ப்பதும் பார்க்காமல் இருப்பதும் ஒன்றுதான்.

மூன்றாவது, கல்யாணத்தில் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம்: அரக்குச் சிவப்புக் கூரைப்புடவை. மொத்த ஹிஸ்டோகிராம் நடுவில் அழகாக நிற்கும், மினுக்கலும் இருக்காது. சிவப்பு ஹிஸ்டோகிராமை மட்டும் தனியாகப் பார்த்தால் அது வலது சுவரில் போய் மோதியிருக்கும். பெரிய திரையில் திறந்தால் கொசுவ மடிப்புகள் எல்லாம் கரைந்து, புடவை ஒரே சிவப்புப் பட்டையாகத் தெரியும். சிவப்பு வரைபடம் சுவரைத் தொட்டால் எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து மறுபடி பார்க்க வேண்டும்.

மினுக்கும் இடமெல்லாம் தவறு என்றும் பயப்பட வேண்டாம். குத்துவிளக்கின் சுடர், ஒட்டியாணத்தின் கல், நெற்றிச்சுட்டியின் ஒரு பொட்டு ஒளி இவை மினுக்கலாம், மினுக்கட்டும். மாப்பிள்ளையின் வேட்டி, பெண்ணின் கன்னம், சந்தனம் பூசிய நெற்றி மினுக்கினால் குறைக்க வேண்டும்.

ரா கோப்பாக எடுப்பவர் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. திரையில் தெரியும் படமும் ஹிஸ்டோகிராமும் கேமரா உள்ளுக்குள் தயாரிக்கும் ஜேபெக் படத்திலிருந்து வருபவை. ரா கோப்பில் இன்னும் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். அதனால் எச்சரிக்கை சற்று முன்னதாகவே வரும், அது நல்லதுதான்.

ஒரு கல்யாணம், வரிசைப்படி

வழக்கத்துக்கு வழக்கம் சடங்கு மாறும். ஊஞ்சல் உள்ள கல்யாணமும் உண்டு, இல்லாததும் உண்டு. நாத்தனார் முடிச்சுப் போடும் வீடும் உண்டு, மாப்பிள்ளையே மூன்றையும் போடும் வீடும் உண்டு. ஆகவே முதல் வேலையை முந்தின நாளே முடிக்க வேண்டும். பெண் வீட்டுப் பெரியவரிடமும் புரோகிதரிடமும் வரிசையைக் கேட்டு எழுதிக்கொண்டு, எங்கெங்கே இடைவெளி வருகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். திரை பார்ப்பதெல்லாம் அந்த இடைவெளிகளில்தான்.

1. மேடை காலியாக இருக்கும்போது. முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் முன்பே உதவியாளரை மணமேடையில் உட்காரவைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். வெள்ளை வேட்டிக்குப் பதிலாக ஒரு வெள்ளைத் துண்டு அவர் மடியில் இருக்கட்டும். இங்கே எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஐந்து கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும்வரை பார்க்க வேண்டும்: கார்டில் பதிவாகிறதா, வெளிச்சம் சரியா, தோலின் நிறம் சரியா, ஃபோகஸ் கண்ணில் விழுகிறதா, மேடை விளக்கால் படத்தில் பட்டை விழுகிறதா?

கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை கூடிக் குறையும். ஷட்டர் வேகத்தை ஏற்றினால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும். சிலவற்றில் குறுக்கே பட்டை ஓடும். ஒரே இடத்தில் பத்துப் படம் வரிசையாக எடுத்து, எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். வேறுபாடு இருந்தால் 1/100-க்கு இறக்கியோ, ஃபிளிக்கர் தடுக்கும் வசதியை ஆன் செய்தோ பார்க்கலாம்.

2. வீடியோக்காரர் விளக்குப் போட்டவுடன். முன்பு செய்த சோதனையெல்லாம் இந்த ஒரு விளக்கில் மாறிப்போகும். பெண் மேடைக்கு வந்து உட்கார்ந்ததும் ஒரு படம் எடுத்து ஒரு முறை பார்க்க வேண்டும். மினுக்கல், சிவப்பு ஹிஸ்டோகிராம் இரண்டும் போதும். மூன்று வினாடிக்கு மேல் ஆகாது.

3. மாலை மாற்றும்போது பார்க்கவே கூடாது. மாப்பிள்ளையைத் தாய்மாமன் தூக்கிவிடுவார், பெண் எம்பிப் போடுவார், தோழிகள் சிரிப்பார்கள். மூன்று மாலை முடிந்து இருவரும் உட்கார்ந்தபிறகு, கடைசிப் படத்தை மட்டும் பெரிதாக்கி ஃபோகஸ் பார்க்கலாம்.

இந்த இடத்தில்தான் பெண்ணின் தம்பி ஓடிவருவான். "அண்ணே, ஒரு தடவ காட்டுங்களேன்!" "சாப்பிடும்போது காட்டுறேன் தம்பி, இப்ப தாலிக்கு நேரமாச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட வேண்டும். அவனுக்குக் காட்டினால் பின்னால் நாலு பேர் நிற்பார்கள்.

4. தாலித் தட்டு சபைக்குப் போகும்போது. தேங்காய்மேல் தாலியை வைத்துத் தட்டைப் பெரியவர்களிடம் ஆசிக்காக எடுத்துப்போவார்கள். போட்டோகிராபருக்கு இது கடைசி அவகாசம். தட்டு வரிசை வரிசையாகப் போவதை உதவியாளர் எடுக்கட்டும். முதன்மை போட்டோகிராபர் தாலி கட்டும் இடத்துக்கு நேரே நின்று, மாப்பிள்ளையின் கையும் பெண்ணின் கழுத்தும் வரும்படி சட்டகம் வைத்து ஒரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஹோமப் புகை முகத்தை மங்கலாக்குகிறதா? பின்னால் நிற்கும் உறவினரின் கைபேசி சட்டகத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறதா? கார்டில் எத்தனை படத்துக்கு இடம் இருக்கிறது? பாதிக்கும் குறைவான பேட்டரியை இப்போதே மாற்றிவிட வேண்டும். தட்டு திரும்பிப் புரோகிதர் கைக்கு வந்ததும் பிளே பட்டன் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட வேண்டும்.

5. கெட்டிமேளம் தொடங்கி அட்சதை ஓயும்வரை திரை கிடையாது. பிளாஷ் எரியாததுபோலத் தோன்றினால்கூட எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இருண்ட படத்தை ரா கோப்பில் ஓரளவு மீட்கலாம், எடுக்காத படத்தை மீட்க வழியில்லை. ஷட்டரைத் தொடர்ந்து அழுத்திப் பிடிக்காமல் முடிச்சுக்கு முடிச்சு சின்னச் சின்னத் தொடராக எடுத்தால் கேமராவின் பஃபர் நிரம்பி நின்றுபோகாது. மூன்றாவது முடிச்சு விழுந்ததும் சட்டகத்தை அகலமாக்கி அப்பா, அம்மா முகங்களுக்குப் போக வேண்டும். அந்த முகங்கள் அப்படியே இருப்பது அதிகம் போனால் பத்து வினாடி.

6. அம்மி மிதித்து அருந்ததி பார்த்தபின். கூட்டம் பந்திக்கு நகரும். இப்போது ஓரமாக உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கலாம். தாலிப் படங்களில் கூர்மையானவற்றுக்குச் சாவிக் குறி போட்டுப் பூட்டிவைக்க வேண்டும். கை தவறி அழிந்துபோகாது. எது விட்டுப்போனது என்று பார்த்து, மணமக்களைத் தனியாக எடுக்கும் நேரத்தில் அதை ஈடுகட்ட முடியுமா என்று யோசிக்க வேண்டும். தம்பிக்குக் கொடுத்த வாக்கையும் இப்போது காப்பாற்றலாம்.

தேவாலயத் திருமணம், நிக்காஹ், சுயமரியாதைத் திருமணம் எதுவானாலும் முறை இதேதான். ஒவ்வொன்றிலும் மீண்டும் நடக்காத ஒரு கணமும், அதற்கு முன்னால் ஒரு கடைசி அவகாசமும் இருக்கும். பாதிரியார் வாசிக்கும் வேதப் பகுதி, பதிவேடு கொண்டுவரும் நேரம், தலைமை தாங்குபவரின் உரை இவையெல்லாம் அந்த அவகாசங்கள்.

மற்ற இடங்களில்

பொருள் நகராத இடத்தில் இந்தக் கட்டுப்பாடு எதுவும் தேவையில்லை. உணவு, நகை, கட்டடம், மேசைமேல் வைத்த பொருள் என்றால் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்து, விளக்கை ஓர் அங்குலம் நகர்த்தி, மறுபடி எடுப்பதுதான் சரி.

திருவண்ணாமலை தீபம், கல்யாணத்துக்கும் நகராத பொருளுக்கும் நடுவில் வரும். மாலை 6 மணிக்கு 2,668 அடி உயர மலையுச்சியில் தீபம் ஏறும். ஊருக்குள் ஒரு மாடியில் முக்காலி போட்டுக் காத்திருப்பவருக்கு அந்தி வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் இறங்கும், 5.45-க்குச் சரியாக இருந்த எக்ஸ்போஷர் 6 மணிக்கு இருட்டாகிவிடும். ஆகவே 6 மணி நெருங்கும்வரை சில நிமிடங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துத் திருத்திக்கொண்டே வர வேண்டும். "அரோகரா" முழக்கம் எழுந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

வேடந்தாங்கலில் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் கூட்டுக்கு இறங்கும்போது கண் வ்யூஃபைண்டரை விட்டு அகலக் கூடாது. பறவை அமர்ந்து சிறகை மடக்கிய பிறகு பார்க்கலாம். வெள்ளைக் கொக்கின் முதுகு மினுக்குகிறதா என்ற ஒரே கேள்வி போதும்.

மனிதர்களை நிற்கவைத்து எடுக்கும்போது திரைக்கு இன்னொரு நல்ல உபயோகம் உண்டு. கேமரா கூச்சத்தில் விறைத்து நிற்கும் பாட்டிக்கு, வந்ததில் நல்லதாக ஒரு படத்தைத் திருப்பிக் காட்டி, "பாருங்க பாட்டி, எவ்வளவு லட்சணமா இருக்கீங்க" என்று சொன்னால் தோள் தளர்ந்து சிரிப்பு வந்துவிடும். காட்டுவது ஒரே ஒரு படமாக இருக்கட்டும். கண் மூடிய படத்தைக் காட்டிவிட்டால் காரியம் கெட்டுவிடும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கேமராவிலேயே அழிப்பது. சின்னத் திரையில் சுமாராகத் தெரிவதை அங்கேயே நீக்கிவிடுவார்கள். கூட்டத்தின் அவசரத்தில் விரல் ஒரு படம் தள்ளிப்போனால் நல்லதும் சேர்ந்து போகும். அதைவிட, எந்தப் படத்துக்கு நாளை என்ன மதிப்பு வரும் என்று எடுத்த அன்று யாருக்கும் தெரியாது. 1996-இல் ஒரு நிதி திரட்டும் கூட்டத்தில் அமெரிக்க அதிபர் கிளிண்டன் ஆதரவாளர் வரிசையில் நின்ற ஓர் இளம்பெண்ணைத் தழுவியதை டைம் இதழின் டர்க் ஹால்ஸ்டெட் பிலிமில் எடுத்திருந்தார். அன்று அது ஆயிரத்தில் ஒன்று. 1998-இல் மோனிகா லெவின்ஸ்கி விவகாரம் வெடித்தபோது, அந்த முகத்தை எங்கோ பார்த்த நினைவு அவருக்கு வந்தது. பழைய ஸ்லைடுகளை ஆள் வைத்துத் தேடியதில் ஒரே ஒரு ஃப்ரேம் கிடைத்து, டைம் அட்டைக்குப் போனது. டிஜிட்டலில் எடுத்து, கார்டில் இடம் வேண்டுமென்று அன்றிரவே அழித்திருந்தால் தேடுவதற்கே ஒன்றும் இருந்திருக்காது.

நியூயார்க் தெருக்களைப் படமெடுத்த கேரி வினோகிராண்ட் இதன் மறுமுனை. 1984-இல் அவர் இறந்தபோது கழுவப்படாத ரோல்கள் மட்டும் சுமார் 2,500 இருந்தன. எடுத்த நேரத்து உற்சாகம் மதிப்பிடும் கண்ணைக் கெடுத்துவிடும் என்பதால், அவர் வேண்டுமென்றே நாள் கடத்தித்தான் படங்களைப் பார்ப்பார். அந்த அளவுக்குப் போக வேண்டாம். ஒரு கல்யாணப் படத்தை வேண்டாம் என்று ஒதுக்க ஓர் இரவாவது பொறுக்கலாம்.

அடுத்தது, வெளிச்சம் மாறியும் பார்க்காமல் இருப்பது. மண்டபத்திலிருந்து வாசலுக்கு வந்தால், மேகம் வந்தால், பிளாஷைக் கழற்றினால், லென்ஸ் மாற்றினால் ஒரு படம், ஒரு பார்வை. இதைச் சடங்கு போலச் செய்ய வேண்டும்.

மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள், "வ்யூஃபைண்டரிலேயே வெளிச்சம் தெரிகிறதே" என்று சோதனையை விட்டுவிடுவதும் உண்டு. பிளாஷ் போட்டால் அந்த முன்தோற்றம் உதவாது. பிளாஷின் ஒளி ஷட்டர் திறக்கும்போதுதான் வரும். பிளாஷ் படத்தைத் திருப்பிப் பார்த்தே ஆக வேண்டும்.

பேட்டரியையும் சொல்ல வேண்டும். நாள் முழுக்கத் திரை எரிந்துகொண்டிருந்தால் மாலை வரவேற்புக்கு முன்பே பேட்டரி கேட்கும்.

பாதுகாப்பு

திரையைப் பார்க்கும்போது காது மட்டும்தான் வெளியே இருக்கும். கூட்டத்தில் அதுவும் இருக்காது.

தேரோட்டத்தில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். திருவாரூர் ஆழித்தேர் போன்ற பெரிய தேர்கள் நினைத்த இடத்தில் நிற்காது. பெரும்பாலும் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுத்தான் அவற்றைத் திருப்புவதும் நிறுத்துவதும். வடத்துக்கும் சக்கரத்துக்கும் இடைப்பட்ட இடத்தில் நின்று திரையைப் பார்க்கவே கூடாது. தேருக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடி எடுப்பவர்களுக்கு இது இரட்டிப்பு ஆபத்து.

1. படம் பார்க்க வேண்டுமானால் முதலில் தேர்ப் பாதையை விட்டு முழுதாக விலகவும்.
2. முதுகைச் சுவரிலோ தூணிலோ சாய்த்துக்கொள்ளவும்.
3. தலை நிமிர்ந்து சுற்றிலும் ஒருமுறை பார்க்கவும், அப்புறம் திரை.
4. பார்த்து முடித்தபின் மறுபடி சுற்றிலும் பார்க்காமல் நகர வேண்டாம்.

ஜல்லிக்கட்டில் வாடிவாசலுக்கு எதிரே தடுப்புக்குப் பின்னால் நிற்பவருக்குப் பாதுகாப்பு உண்டு. ஆபத்து பெரும்பாலும் அதைத் தாண்டி, களத்தை விட்டு ஓடிவரும் காளையைப் பிடிக்க உரிமையாளர்கள் கயிற்றோடு காத்திருக்கும் இடத்தில். அங்கே வேடிக்கை பார்த்தவர்களும் குத்துப்பட்டு இறந்திருக்கிறார்கள். அந்தப் பகுதியில் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெறுமனே நடப்பதே நல்லது. படம் பார்ப்பதெல்லாம் கேலரிக்குத் திரும்பியபிறகு.

கடற்கரையில் அலைக்கு முதுகு காட்டிப் பார்க்க வேண்டாம். தண்டவாளத்தில் நின்று படம் பார்ப்பதும் எடுப்பதும் இரண்டுமே கூடாது. அத்துமீறி நுழைவது சட்டப்படி குற்றமும்கூட.

சூரிய கிரகணத்துக்கு ஒரு தனி எச்சரிக்கை. 2019 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டின் சில பகுதிகளில் தெரிந்த கங்கண கிரகணத்தில் நெருப்பு வளையம் சுமார் 3 நிமிடம்தான் நீடித்தது. அடுத்த கங்கணம் 2031 மே 21 அன்று மதுரை, தேனி வழியாக வருகிறது. சூரியனை நிலவு மெல்ல மெல்ல மறைக்கும் முதல் கட்டம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும்; சோதனைப் படமும் திரை பார்ப்பதும் அப்போதே முடிந்துவிட வேண்டும். கங்கண கிரகணத்தில் சூரியன் முழுதாக மறைவதே இல்லை என்பதால், லென்ஸின் முன்னால் மாட்டிய சூரிய வடிகட்டியைத் தொடக்கம் முதல் முடிவுவரை கழற்றக் கூடாது. திரையில் இருட்டாகத் தெரிகிறது என்று அதைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தால் பார்வை நிரந்தரமாகப் போகலாம்.

பழகிக்கொள்ள

1. முதல் வாரம்: திரையின்மேல் ஒரு அட்டையை ஒட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பக்கத்துச் சந்தையிலோ பேருந்து நிலையத்திலோ 36 படம் எடுக்கவும். பிலிம் ரோலின் கணக்கு அது. ஒவ்வொரு படத்துக்கும் பிறகு, அது எப்படி வந்திருக்கும் என்று ஒரு வரி குறித்துக்கொள்ளவும்: 'முகம் இருட்டு', 'கை ஷேக்', 'சரி'.

2. வீட்டில் பெரிய திரையில் திறந்து, குறிப்போடு ஒப்பிடவும். எந்த இடத்தில் ஊகம் தவறுகிறதோ, அந்தக் கேள்விக்கு மட்டும்தான் இனி திரை தேவை. சிலருக்கு அது எதிர்வெளிச்சமாக இருக்கும், சிலருக்கு ஃபோகஸாக.

3. இரண்டாவது வாரம்: அட்டையை எடுத்துவிடவும். இடம் மாறும்போது ஒரு பார்வை, அவ்வளவுதான். ஷட்டரை அரை அழுத்து அழுத்தி வெளியே வருவதை விரல் யோசிக்காமல் செய்யும்வரை பழகவும்.

4. மூன்றாவது வாரம்: உறவினர் வீட்டுக் காதுகுத்து, பிறந்தநாள், கிரகப்பிரவேசம் எதற்காவது கேமராவோடு போகவும். ஆசாரி காதில் ஊசியை வைக்கும் நொடிக்கு முன்னால் குழந்தை மாமன் மடியில் உட்காரும், தாம்பூலத் தட்டை நகர்த்துவார்கள், யாராவது ஒருவர் கிலுகிலுப்பையை ஆட்டுவார். திரையைப் பார்க்க வேண்டிய நேரம் அது. குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தபின் மாமனின் முகத்தையும் அம்மாவின் முகத்தையும் மாறிமாறி எடுக்கவும். அழுகை அடங்கி, குழந்தை சர்க்கரையை நக்க ஆரம்பித்ததும் பிளே பட்டனை அழுத்திக்கொள்ளலாம்.